தத்தெடுத்த அண்ணன் தம்பி டொராண்டோ வந்து இறங்கியதும்

இந்தியாவிலிருந்து இரண்டு, மூன்று வயதுப் பையன்களைத் தத்தெடுத்துக் கூட்டி வருகிறீர்களா, முதல் வாரம் தூக்கத்தை மறந்துவிடுங்கள், கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், நடுராத்திரியில் சோறு கேட்பார்கள். கொடுங்கள். தனி அறையெல்லாம் இப்போது வேண்டாம், இருவரையும் ஒரே மெத்தையில் உங்கள் பக்கத்திலேயே படுக்க வையுங்கள். காப்பகத்துப் பழைய சட்டையை உடனே துவைக்காதீர்கள், அந்த வாசனை இல்லாமல் சின்னவன் தூங்காமல் அழலாம். அப்புறம், ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் சில வாரங்களுக்கு நீங்கள் மட்டும்தான், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பெரியவன் பிஸ்கட்டைத் தலையணைக்கடியில் ஒளித்தால் திட்டாமல், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பா நிறைய வையுங்கள். தம்பிக்கு ஊட்ட அவன்தான் முந்துவான், "நான் பார்த்துக்கிறேன், நீ விளையாடு" என்று அவனுக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள்.