பெரிய மதர்போட் வாங்க முதல் என்னத்தை ஒப்பிட்டுப் பாக்கோணும்

வன்னியில பெரிய பிசி ஒண்டு கட்டப் போற ஆக்கள் முதல்ல சிபியூவை (பிசியின்ர மூளைச் சிப்) முடிவெடுங்கோ, ஏனெண்டா ஏஎம்டியின்ர ரைசன் 9000க்கு ஏஎம்5 சொக்கெட் (போட்டில சிபியூ இருக்கிற இடம்), இன்டெலின்ர கோர் அல்ட்ரா 200எஸ்க்கு எல்ஜிஏ1851, ஒண்டு மற்றதில இருக்காது.

பிறகு மனுவலை டவுன்லோட் பண்ணி எம்.2 (எஸ்எஸ்டி போடுற இடம்) பக்கத்தை வடிவா வாசியுங்கோ, இதுதான் முக்கியம், சில எக்ஸ்870இ எண்ட ரைசன் போட்டுகளில ரெண்டாவது எஸ்எஸ்டி போட்டா கிராபிக்ஸ் காட்டின்ர 16 லேன் (டேட்டா போற பாதை) 8 ஆகிடும், சிலதில ஆகாது, விலை கூடினது எண்டதால தப்பும் எண்டு நினைக்காதேங்கோ. எக்ஸ்870 போட்டில சிப்செட் (எஸ்எஸ்டி, யூஎஸ்பியை இணைக்கிற சிப்) ஒண்டு, எக்ஸ்870இ போட்டில ரெண்டு, அதால கூட எஸ்எஸ்டி, யூஎஸ்பி குடுக்கலாம். யூஎஸ்பி4 (வேகமான யூஎஸ்பி) ரெண்டு வகைப் போட்டிலயும் இருக்கு. கேம் மட்டும் எண்டா என்ர எண்ணத்தில எக்ஸ்870 காணும்.

விஆர்எம் (சிபியூவுக்கு கரண்ட் குடுக்கிற பகுதி) ஃபேஸ் எண்ணிக்கையை மட்டும் பாத்து மயங்காதேங்கோ, அதின்ர சூட்டை இறக்கிற ஹீட்சிங்கையும் பாருங்கோ, எங்கட சித்திரை வெக்கையில ஏசி இல்லாத அறைக்கு அதுதான் கைகொடுக்கும். டிடிஆர்5 ராம் நாலு போட்டா ஸ்பீட் இறங்கும், ரெண்டு பெரிசாப் போடுங்கோ. சிபியூ இல்லாமலே பயோஸ் (போட்டை இயக்கிற சொப்ட்வெயர்) அப்டேட் பண்ணுற பிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா எடுங்கோ.

வாரன்டிக்கு கொழும்புக்கு அனுப்போணுமோ, வவுனியாக் கடையிலயே குடுக்கலாமோ எண்டு முதலே கேட்டு பில்லில எழுதி வாங்குங்கோ.