வீட்டில் துப்பாக்கி இருக்கையில் பிள்ளையின் மனம் தடுமாறினால்: அமெரிக்கப் பெற்றோர் செய்ய வேண்டியவை

2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அந்தக் கைத்துப்பாக்கியை அவனுடைய தந்தை நான்கு நாள்களுக்கு முன்புதான், மகனையும் உடன் அழைத்துச் சென்று, கடையில் வாங்கியிருந்தார். காவல் துறையினர் வீட்டைச் சோதனையிட்டபோது, துப்பாக்கிக்குப் போட வேண்டிய கேபிள் பூட்டு பிரிக்கப்படாத உறையிலேயே கிடந்தது. மற்ற துப்பாக்கிகள் இருந்த பெட்டகத்தின் எண், ஆலையிலிருந்து வந்தபடியே 0-0-0 என்று இருந்தது. 2024ஆம் ஆண்டு தாயும் தந்தையும் தனித்தனி விசாரணைகளில் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டு, ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை பெற்றனர். மகனின் திட்டம் அவர்களுக்குத் தெரியும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. செய்யக்கூடிய எளிய காரியங்களைச் செய்யாமல் விட்டதே அவர்கள்மீதான குற்றம். அந்த எளிய காரியங்கள் எவை என்பதையே இங்கே எழுதுகிறேன்.

மனநோய் உள்ள பிள்ளை என்றதும் வன்முறையாளன் என்று நினைப்பது பிழை. அமெரிக்காவில் நிகழும் வன்முறையில் கடும் மனநோயால் விளைவது ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மனச்சோர்வில் இருக்கும் பதின்பருவப் பிள்ளையின் கைக்குத் துப்பாக்கி எட்டினால், பெரும்பாலும் ஆபத்து அந்தப் பிள்ளையின் உயிருக்கே. துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்வோரில் பத்தில் ஒன்பது பேர் வரை இறந்துவிடுகின்றனர். வேறு வழிகளில் முயல்வோரில் மிகப் பலர் பிழைத்து, பின்னர் நெடுங்காலம் வாழ்கின்றனர். முடிவெடுப்பதற்கும் செயலில் இறங்குவதற்கும் இடையே பலருக்கு ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை. ஆகவே, ‘என் மகன் அப்படிச் செய்வானா?’ என்று கணிக்க முயல்வதில் காலத்தைக் கழிக்க வேண்டாம். மனநல மருத்துவர்களாலேயே அதை உறுதியாகக் கணிக்க முடிவதில்லை. துப்பாக்கியைத் தொலைவாக்குவது மட்டும் பெற்றோரால் இன்று மாலைக்குள்ளேயே முடியும்.

தூக்கம் கெட்டு, நண்பர்களை விட்டு விலகி, படிப்பில் திடீரெனச் சரிந்து, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்பதுபோலப் பேசத் தொடங்கிய பிள்ளை வீட்டில் இருந்தால், நோயின் பெயரை மருத்துவர் சொல்லும்வரை காத்திராமல் துப்பாக்கியை வீட்டைவிட்டே அகற்றுங்கள். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைகள் சிலவும், சுடுதல் பயிற்சிக் கூடங்கள் சிலவும், சில ஊர்களில் காவல் துறையும் தற்காலிகமாகப் பாதுகாத்துத் தருகின்றன. உறவினரிடம் கொடுப்பதானால், பின்னணிச் சரிபார்ப்பு இல்லாமல் கைமாற்றுவதைச் சில மாநிலங்களின் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் கொண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்குத் துப்பாக்கியோடு நேராகச் சென்று நிற்காதீர்கள். முதலில் அவசரமல்லாத அழைப்புகளுக்கான எண்ணில் பேசி, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

அகற்றவே முடியாது என்றால், தோட்டா நீக்கிய துப்பாக்கியை ஒரு பூட்டுக்குள்ளும் தோட்டாக்களை வேறிடத்தில் வேறொரு பூட்டுக்குள்ளும் வைக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இதையே சொல்கிறது. துப்பாக்கியே இல்லாத வீடுதான் மிகப் பாதுகாப்பானது என்பதையும் அச்சங்கம் சேர்த்தே சொல்கிறது. பூட்டு வாங்கினால் மட்டும் போதாது. பெட்டகத்தின் எண்ணை வாங்கிய அன்றே மாற்ற வேண்டும். பிறந்தநாள், வீட்டு எண், அலைபேசியைத் திறக்கும் எண் ஆகியவை பிள்ளைக்கு மனப்பாடம் என்பதால் அவை கூடவே கூடாது. கைரேகையால் திறக்கும் பெட்டகங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சில வகைகள், உரிமையாளரின் ரேகையைப் பதியும்வரை யார் விரல் வைத்தாலும் திறந்துகொள்ளும்படியே விற்கப்பட்டன. 2023இல் அப்படிப்பட்ட பெட்டகங்கள் பல்லாயிரக்கணக்கில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ரேகையைப் பதிந்த பிறகு, பதியாத வேறு விரல்களையும் வீட்டிலுள்ள மற்றொருவரின் விரலையும் வைத்துப் பாருங்கள். சாவியுள்ள பெட்டகமானால், சாவி பெற்றோரின் உடலோடு இருக்க வேண்டுமே தவிர, சமையலறை இழுப்பறையிலோ பூஜை அலமாரியிலோ அல்ல.

‘எங்கே வைத்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது’ என்பது பெற்றோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், தம் பிள்ளைக்கு இடம் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் பிள்ளைகள், தங்களுக்குத் தெரியும் என்றே பதில் சொன்னார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தந்தையும் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததாகவே சொன்னார். ஒளித்து வைப்பது பூட்டி வைப்பதாகாது.

அடுத்து, ஒதுங்கிப்போகும் மகனைச் சுடுதல் பயிற்சிக்கு அழைத்துச் சென்றால் நெருக்கம் வளரும் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் நியூடவுனில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் பள்ளியில் கொன்ற 20 வயது இளைஞன், தன் தாய் சட்டப்படி வாங்கிய துப்பாக்கிகளையே பயன்படுத்தினான். அவரோடு பயிற்சிக்கும் போய்வந்தவன் அவன். அன்று காலை முதலில் கொல்லப்பட்டவரும் அந்தத் தாய்தான். நெருக்கத்துக்கு வேறு வழி தேடுங்கள்.

பிள்ளையிடம் பேசும்போது சுற்றி வளைக்க வேண்டாம். “சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றுகிறதா? யாரையாவது காயப்படுத்த வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று அமைதியாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பதில் ‘ஆம்’ என்று வந்தால் அறிவுரை சொல்லத் தொடங்காமல், முழுவதையும் கேட்டு, அன்றே மருத்துவரை அழையுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் வீட்டில் துப்பாக்கி இருப்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். நம்மவர்களில் பலர், வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றும், கல்லூரிச் சேர்க்கைக்கு இடையூறாகுமோ என்றும் மனநல மருத்துவத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். சிகிச்சை விவரம் மருத்துவ இரகசியம். அது கல்லூரி விண்ணப்பத்தில் ஏறுவதில்லை.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலும், துப்பாக்கி இருப்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும் என்ற இதே விதி பொருந்தும். ஆக்ஸ்ஃபோர்டில் சம்பவத்தன்று காலை, மாணவன் கணக்குத் தாளில் வரைந்திருந்த துப்பாக்கிப் படத்தைக் கண்ட ஆசிரியர் தெரிவித்ததால் பெற்றோர் வரவழைக்கப்பட்டனர். புதிதாக வாங்கிய துப்பாக்கியைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவும் இல்லை. அவனது பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அப்படியோர் அழைப்பு வந்தால் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீடு திரும்புங்கள், பையைப் பாருங்கள், பெட்டகத்தையும் திறந்து துப்பாக்கிகளின் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள்.

உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை என்பதோடு வேலை முடிந்துவிடாது. 2008 முதல் 2017 வரை நடந்த பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்த அமெரிக்க இரகசியச் சேவை (அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் Secret Service), துப்பாக்கி ஏந்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே அதை எடுத்ததாகக் கண்டது. நண்பர் வீட்டில் இரவு தங்க அனுப்புமுன், ஒவ்வாமை உணவுகளைப் பற்றிச் சொல்லும் அதே பேச்சில், “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா?” என்றும் கேட்டுவிடலாம். கூச்சமாக இருந்தால் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.

நெருக்கடி முற்றினால், 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் இயங்கும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு, மனநல நெருக்கடி உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஆங்கிலம் தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911ஐ அழைத்து, மனநல நெருக்கடி என்பதையும், துப்பாக்கி உண்டா, எங்கே உள்ளது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கூட்டரசுச் சட்டப்படி 18 வயதில் நீண்ட துப்பாக்கியை (ரைஃபிள், ஷாட்கன் போன்றவை) கடையில் வாங்க முடியும் என்பதால், அந்த வயதைத் தாண்டிய மகனிடம் சொந்தத் துப்பாக்கியே இருக்கலாம். அப்போது, அதைத் தற்காலிகமாகக் கைப்பற்றும்படி நீதிமன்றத்தைக் கோரும் சட்டம் பல மாநிலங்களில் உள்ளது. கனெக்டிகட்டில் 1999லேயே வந்துவிட்டது. கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் குடும்பத்தினரே மனு கொடுக்கலாம். ஃபுளோரிடாவில் காவல் துறை மூலமாகவே செல்ல வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து பிள்ளை வீடு திரும்பிய பிறகான முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து கூடுதல் என்பதால், முகம் தெளிந்துவிட்டது என்று கண்டு துப்பாக்கியைத் திரும்பக் கொண்டுவந்துவிடாதீர்கள். எப்போது கொண்டுவரலாம் என்பதைச் சிகிச்சை அளிப்பவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவர் தயங்கினால், விற்றுவிடுங்கள்.