கையால் வரைந்த கோடரி வீச்சு: முதல் கிறுக்கலிலிருந்து கேமுக்குள் ஓடும் வரை

2015-இல் இண்டிகோகோ தளத்தில் 15 லட்சம் டாலர் இலக்கோடு நிதி திரட்ட வந்தது 'இன்டிவிசிபிள்' என்ற வீடியோ கேம். பல நாட்டுப் புராணங்களிலிருந்து பிறந்த பாத்திரங்கள், கையால் வரைந்த அசைவுகள், சண்டையும் பாத்திர வளர்ச்சியும் கலந்த ஆக்‌ஷன் ஆர்பிஜி வகை. அதை உருவாக்கிய குழு படங்களை மட்டும் காட்டவில்லை. விளையாடிப் பார்க்க ஒரு முன்மாதிரியையும் கொடுத்தது. ஓர் அடி கனமாக விழுகிறதா என்பதைப் படமாகப் பார்த்துச் சொல்ல முடியாது; பொத்தானை அழுத்தினால்தான் தெரியும்.

அந்த மாதிரி ஓர் அடியை, ஒரே ஒரு கோடரி வீச்சை, இங்கே செய்யப் போகிறோம். வரைய கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள், கேமாக ஓட்ட கோடோ 4 என்ற கேம் எஞ்சின். இரண்டும் இலவசம். ஒரு பென் டேப்லெட் இருந்தால் போதும்.

1. பாத்திரத்தைக் குறைத்து வடிவமையுங்கள்

புராணப் பாத்திரம் என்றதும் கிரீடம், தோள்வளை, மாலை, சலங்கை என்று கை தானாகவே அடுக்கும். இந்த வீச்சுக்கு 9 படங்கள். 5 அணிகலன்கள் போட்டால், அவற்றை மட்டுமே 45 முறை வரைய வேண்டும். அதனால் அடையாளம் சொல்லும் ஒரு பெரிய வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வளைந்த கொம்பு, நீண்ட சடை, அகலமான கோடரி அலகு. உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். யாரென்று அப்போதும் தெரிந்தால் அந்த வடிவம் போதும்.

2. தாளைத் தயார் செய்யுங்கள்

கிரிட்டாவில் 1024×1024 அளவில் புதுக் கோப்பைத் திறவுங்கள். கேமுக்குள் போடுமுன் இதை 512×512 ஆகச் சுருக்குவோம்; பெரிதாக வரைந்து சுருக்கினால் கோட்டின் நடுக்கம் மறையும். மேலிருந்து 900-ஆவது பிக்சலில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதுதான் தரை. பாத்திரத்தின் உயரம் 600 பிக்சலைத் தாண்ட வேண்டாம், கோடரி சுழல இடம் வேண்டும். அனிமேஷன் வொர்க்ஸ்பேஸுக்கு மாறி, லேயரில் (படம் வரையும் அடுக்கில்) உள்ள பல்பு அடையாளத்தை அழுத்தினால் முந்தைய, அடுத்த படங்கள் மங்கலாகத் தெரியும்.

3. ஒன்பது கிறுக்கல்கள்

குச்சி மனிதன் போதும். டைம்லைனில் ஒரு ஃபிரேமுக்கு ஒரு படம். கேம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும், அதாவது திரை 60 முறை புதுப்பிக்கப்படும் என்று வைத்து, ஒவ்வொரு படமும் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்:

படம் 1, முழங்கால் மடங்கத் தொடங்குகிறது: 3
படம் 2, கோடரி பின்னால் போகிறது: 4
படம் 3, ஓங்கிய உச்சம்: 5
படம் 4, வீச்சின் தடம்: 2
படம் 5, அடி விழும் நிலை: 4
படம் 6, உடல் முன்னே சாய்கிறது: 4
படம் 7, சாய்வின் எல்லை: 6
படம் 8, நிமிர்கிறது: 4
படம் 9, பழைய நிலைக்கு: 4

மொத்தம் 36 ஃபிரேம், அதாவது 0.6 நொடி. முதல் 12 தயாராகும் நேரம், அடுத்த 6 அடி படும் நேரம், மீதி 18 மீளும் நேரம்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது 3-க்கும் 5-க்கும் நடுவில்தான். கோடரி அரைவட்டம் அளவு சுற்றுகிறதே, நடுவில் ஒரே படமா என்று பயந்து இன்னும் மூன்றைச் செருகுவார்கள். உடனே கோடரி தண்ணீருக்குள் நகர்வதுபோல் மிதக்கும். படங்கள் கூடக் கூட அடி மென்மையாகிவிடும். 4-ஆவது படத்தில் கோடரியையே வரையாமல், அது போன பாதையை ஒரு பிறை வடிவத் தடமாக வரையுங்கள். வேகம் அந்த இடைவெளியிலிருந்து வருகிறது. கனம் 3-ஆவது, 7-ஆவது படங்கள் நின்று போகும் நேரத்திலிருந்து வருகிறது.

4. கிறுக்கலையே கேமுக்குள் போடுங்கள்

வெள்ளைப் பின்னணி லேயரை மறைத்துவிட்டு, ரெண்டர் அனிமேஷன் வழியாகப் படவரிசையாக ஏற்றுமதி செய்யுங்கள். பின்னணியை மறைக்க மறந்தால் பாத்திரம் வெள்ளைப் பெட்டிக்குள் நிற்கும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக ஓரம் வெட்டவும் வேண்டாம். அளவு மாறினால் நடுப்புள்ளி மாறும், கால் தரையில் குதிக்கும்.

கோடோவில் கேமைக் கட்டும் உறுப்புகளுக்கு நோட் என்று பெயர். படவரிசையை ஓட்டும் அனிமேட்டட்ஸ்பிரைட்2டி நோடைச் சேர்த்து 9 படங்களையும் ஏற்றுங்கள். வேகம் 60, லூப் (திரும்பத் திரும்ப ஓடுவது) அணைந்திருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் உள்ள டியூரேஷன் பெட்டியில் மேலே உள்ள எண்ணை இடுங்கள். பொத்தானை அழுத்தி முப்பது, நாற்பது முறை வீசிப் பாருங்கள். மந்தமாக இருந்தால் 1-ஆவது, 2-ஆவது படங்களின் எண்ணைக் குறைத்துவிடுங்கள். ஓங்கியதே கண்ணில் படவில்லையென்றால் 3-ஆவதைக் கூட்டுங்கள். கிறுக்கலில் இதைத் திருத்த ஒரு நிமிடம். வண்ணம் தீட்டிய பிறகு திருத்துவது பல நாள் உழைப்பைக் குப்பையில் போடுவது.

5. அடி படும் பகுதி

தன்மேல் எது படுகிறது என்று அறியும் ஏரியா2டி நோட் ஒன்றைச் சேர்த்து, பிறைத் தடத்தைவிடச் சற்றுப் பெரிதாகத் தாக்குதல் பெட்டியை வையுங்கள். படம் மாறும்போது கோடோ அனுப்பும் சிக்னலைக் கேட்டு, 4, 5-ஆவது படங்களில் மட்டும் அதை இயக்குங்கள். கோடோ 0-இலிருந்து எண்ணுவதால் அங்கே அவை 3, 4. ஒரே வீச்சில் ஒரே எதிரி இருமுறை அடிபடாமலிருக்க, அடிபட்டவர்களை ஒரு பட்டியலில் வைத்து, வீச்சு முடிந்ததும் காலி செய்யுங்கள்.

பாத்திரம் இடப்பக்கம் திரும்பும்போது படத்தை மட்டும் புரட்டினால் பெட்டி வலப்பக்கமே நின்றுவிடும். "அடி படவே மாட்டேங்குது" என்ற புலம்பலுக்கு இதுதான் வழக்கமான காரணம். படம், பெட்டி இரண்டையும் ஒரு நோட்2டிக்குள் வைத்து, அதன் எக்ஸ் ஸ்கேலை -1 ஆக்குங்கள்.

6. ஒரு கணம் நிறுத்துங்கள்

அடி பட்டதும் அடிப்பவர், அடிபடுபவர் இருவரையும் 6 ஃபிரேம், அதாவது 0.1 நொடி உறைய வையுங்கள். அனிமேட்டட்ஸ்பிரைட்2டியின் ஸ்பீடு ஸ்கேலை 0 ஆக்கி மீண்டும் 1 ஆக்கினால் அசைவு நின்று தொடரும். நகர்வையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். கேமின் நேரத்தையே நிறுத்தினால், தொலைவில் நிற்கும் மற்றவர்களும் சேர்ந்து திக்குவார்கள்.

7. இனிதான் அழகு

நேரம் சரியென்று கைக்குப் பட்ட பிறகே கோடு, தட்டை வண்ணம், நிழல் என்ற வரிசையில் தீட்டுங்கள். ஒன்பது படங்களுக்கும் கோட்டை முடித்த பின்பே வண்ணத்துக்குப் போங்கள். ஒவ்வொரு படமாக முடித்துக்கொண்டே போனால் முகம் மெல்ல மாறிவிடும், ஒன்பதாவது படத்தில் வேறொருவர் நிற்பார். நிழலைத் தனி லேயரில், கீழுள்ள வண்ணத்தைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில் வையுங்கள்.

512×512 படம் ஒன்று சுருக்கப்படாத நிலையில் கிராஃபிக்ஸ் நினைவகத்தில் 1 எம்பி எடுக்கும். இந்த வீச்சுக்கு 9 எம்பி. ஒரு வீரருக்கு 200 படங்கள், திரையில் நான்கு வெவ்வேறு வீரர்கள் என்றால் 800 எம்பி. எனவே இரண்டாவது வீச்சைத் தொடங்குமுன், முதல் வீச்சின் நிமிரும் படங்களான 8, 9 அதற்கும் பொருந்துமா என்று வைத்துப் பாருங்கள். பல நேரம் பொருந்தும்.