கொடியியல் கூட்டத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: ஒரே ஒரு கொடியோடு போங்கள்

கொடிகளை ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, அதற்கு ஆண்டுக் கூட்டமெல்லாம் நடக்கிறது என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வட அமெரிக்கக் கொடியியல் சங்கம், சுருக்கமாக நாவா, 1967-இல் தொடங்கியது. அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆண்டுக்கு ஒரு நகரத்தில் கூடுகிறார்கள். கூட்டத்துக்கென்று ஒவ்வோர் ஆண்டும் தனிக் கொடியே உண்டு. உலக அளவிலான மாநாடு வேறு. அது 1965-இல் நெதர்லாந்தின் மௌடர்பெர்க்கில் ஆரம்பித்தது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். புதியவர்களுக்கு முதலில் ஆண்டுக் கூட்டமே தோது.

‘எல்லா நாட்டுக் கொடியும் மனப்பாடமாகத் தெரியணுமே’ என்ற பயத்திலேயே பலர் போவதில்லை. தேவையே இல்லை. ஒரே ஒரு கொடியை நன்றாகத் தெரிந்தால் போதும். போய்ப் பேச எப்படித் தயாராவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. நான்கு சொற்கள்

கம்பத்தை ஒட்டிய பக்கம் ஹாய்ஸ்ட். காற்றில் அடித்துக்கொள்ளும் மறுபக்கம் ஃப்ளை. கம்பத்தை ஒட்டிய மேல் மூலைக் கட்டம் கேன்டன். அமெரிக்கக் கொடியில் நட்சத்திரங்கள் இருக்குமே, அந்த இடம். அப்புறம் விகிதம்: உயரம் முதலில், நீளம் அடுத்து. கத்தார் கொடி 11:28, அவ்வளவு நீளம். சுவிட்சர்லாந்து சதுரம். இந்த நான்கும் தெரிந்தால் கூட்டத்தில் பாதிப் பேச்சு புரியும்.

கொடியியலுக்கு வெக்ஸிலாலஜி என்ற பெயரை உருவாக்கியவர் விட்னி ஸ்மித். அப்போது அவருக்குப் பதின்ம வயது. ரோமானியர் குறுக்குக்கட்டையில் தொங்கவிட்ட கொடிக்கு வெக்ஸிலம் என்று பெயர், அதிலிருந்து எடுத்தார். பின்னாளில் கயானா நாட்டின் கொடிக்கு வடிவம் தந்தவரும் அவரே.

2. கொடியைக் கேள்வியாக மாற்றுங்கள்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘ஜப்பான் கொடியின் வரலாறு’ என்று தலைப்பு வைப்பார்கள். அது தலைப்பே இல்லை, கடல். இருபது நிமிடத்தில் கடலைக் காட்ட முடியாது. ஒரு வாளி மொண்டுகொண்டு வாருங்கள்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெய்ட்டியும் லிக்டன்ஸ்டைனும் ஒரே கொடியோடு வந்திருப்பது அங்கேதான் தெரியவந்தது: மேலே நீலம், கீழே சிவப்பு. மறு ஆண்டே லிக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. இதை அப்படியே போய்ச் சொன்னால் அங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ‘கிரீடத்தை ஏன் ஹாய்ஸ்ட் பக்கம் வைத்தார்கள்?’, ‘கிரீடம் இல்லாத பழைய கொடிகளை எத்தனை நாள் பறக்கவிட்டார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் தேட எங்கே போக வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்: அரசாணை, பழைய புகைப்படம், செய்தித்தாள். எங்கே தேடுவது என்று தெரிகிற கேள்விதான் நல்ல கேள்வி.

உங்கள் ஊர்க் கொடியாக இருந்தால் இன்னும் நல்லது. அதைப் பற்றி அந்த அறையில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அநேகமாக இருக்க மாட்டார்.

3. துணியைப் படியுங்கள்

நிஜக் கொடி ஒன்று கையில் இருந்தால் இணையத்தை மூடிவிட்டு அதை மேசையில் விரியுங்கள். துவைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது. நான் சேர்த்த முதல் பழைய கொடி, 48 நட்சத்திரம் வைத்த ஓர் அமெரிக்கக் கொடி. அதை வைத்தே சொல்கிறேன்.

நட்சத்திரங்களை எண்ணுங்கள், மாநிலத்துக்கு ஒன்று. 48 என்றால் 1912 ஜூலை 4 முதல் 1959 ஜூலை 3 வரை அதிகாரபூர்வமாக இருந்த கொடி. 49 ஓராண்டுதான் இருந்தது, 1960 ஜூலை 4 முதல் 50. வரிசையையும் பாருங்கள். நட்சத்திரங்களை எப்படி அடுக்குவது என்று 1912-இல் அதிபர் டாஃப்ட் ஆணையிடும்வரை நிலையான விதி கிடையாது. அதற்கு முந்தைய கொடிகளில் வட்டமாக, பெரிய நட்சத்திர வடிவமாக, தைத்தவர் மனம்போல இருக்கும்.

எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அரசு அறிவிக்கும் முன்பே அவசரப்பட்டுத் தைத்தவர்கள் உண்டு. 39 நட்சத்திரக் கொடி ஒருநாளும் அதிகாரபூர்வமானதில்லை, ஆனாலும் இன்று சேகரிப்பாளர்கள் கையில் இருக்கிறது. பழைய கொடியை நகலெடுத்துப் பின்னால் தைத்ததும் உண்டு. அதனால் துணியைத் தொடுங்கள். கம்பளி பன்டிங்கா (கொடி தைக்கும் மெல்லிய துணி), பருத்தியா, நைலானா? 48 நட்சத்திரம் இருந்து, துணி நைலான் என்றால், ‘முதல் உலகப் போரில் தாத்தா கொண்டுபோனது’ என்ற குடும்பக் கதை அங்கேயே முடிந்தது. அடுத்து தையல். கைத்தையல் கொஞ்சம் கோணும், ஒவ்வொன்றும் ஒரு நீளம். மெஷின் தையல் எறும்பு வரிசை. கைத்தையல் என்றாலே பழையது என்று சொல்லிவிடாதீர்கள். தையல் மெஷின் வந்த பிறகும் நட்சத்திரங்களைக் கையால் தைத்தவர்கள் இருந்தார்கள்.

பார்த்ததையெல்லாம் குறித்து, அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். அளவுநாடா இல்லாத படம் பிறகு எதற்கும் உதவாது.

4. சுருக்கம் அனுப்புதல்

என்ன பேசப்போகிறீர்கள் என்று கூட்டம் நடத்துகிறவர்களுக்கு எழுத ஒரு பத்தி போதும். கேள்வி என்ன, எதை வைத்துப் பதில் தேடினீர்கள், என்ன கிடைத்தது. தன்னடக்க வரிகளை வெட்டிவிடுங்கள்.

5. ஸ்லைடுகள்

என் முதல் உரையில் வெள்ளைப் பின்னணியில் கொடிகளை வரிசையாகப் போட்டிருந்தேன். திரையில் ஜப்பான் கொடி வந்தது. சிவப்புப் பொட்டு மட்டும் அந்தரத்தில் மிதந்தது. கொடி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்து போலந்து: பாதிக் கொடியைக் காணோம். அறை சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து சாம்பல் பின்னணிதான்.

கணினியில் வரைந்த படங்களை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அவை கொடி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும், எப்படி இருந்தது என்று சொல்லாது. ஒரு புகைப்படமாவது நிஜத் துணியுடையதாக இருக்கட்டும்.

6. கூட்டத்தில்

காட்சிக்கு வைக்கக் கொடி கொண்டுபோனால் உருட்டி எடுத்துப் போங்கள், மடித்த தழும்பு எளிதில் போகாது. செங்குத்தாகத் தொங்கவிடும்போது கவனம். அமெரிக்கக் கொடியை அப்படியே வலப்புறம் திருப்பித் தொங்கவிட்டால் நட்சத்திரக் கட்டம் பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் போய்விடும். பார்ப்பவரின் இடக்கைப் பக்கம், மேலே இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே திருப்புவதோடு முன்பின்னாகவும் மாற்றணும். அந்த அறையில் இதைத் தப்பாகச் செய்தால் ஒருவர் வந்து சொல்வார். இரண்டு நிமிடத்தில் இன்னொருவரும் வருவார்.

வடிவமைப்பைப் பற்றி வாதம் சூடாக நடக்கும். நாவா 2004-இல் 150 அமெரிக்க நகரக் கொடிகளுக்கு மதிப்பெண் போட்டபோது வாஷிங்டன் டிசி முதலிடம், ஐடஹோவின் போகடெல்லோ கடைசி இடம். 2017-இல் போகடெல்லோ புதுக்கொடி ஏற்றது. ‘எழுத்தும் முத்திரையும் வேண்டாம், நிறம் இரண்டு மூன்று போதும்’ என்ற கட்சி பலமானது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அசிங்கமான கொடிக்கும் ஒரு கதை இருக்கிறது. முதல் முறை போகிறவர் இதில் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது உத்தமம்.

கூட்டத்தில் வாசிக்கும் சிறந்த கட்டுரைக்குக் கேப்டன் வில்லியம் டிரைவர் பெயரில் விருது தருகிறார்கள். தன் கப்பல் கொடிக்கு ‘ஓல்டு குளோரி’ என்று பெயர் வைத்தவர் அவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதை, தெற்கின் பக்கம் இருந்த நாஷ்வில் ஊரில், தன் வீட்டில் போர்வைக்குள் வைத்துத் தைத்து ஒளித்திருந்தார். 1862-இல் வடக்குப் படை ஊருக்குள் வந்ததும் பிரித்தெடுத்து ஏற்றினார்.

உரைக்குப் பின்னால் வரும் கேள்விகளை எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வைத்திருங்கள். என்னிடம் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஹாய்ஸ்ட் பக்கப் பட்டை என்ன துணி?” நட்சத்திரத்தையும் தையலையும் மாதக்கணக்கில் பார்த்தவன், கயிறு கோக்கும் அந்தப் பட்டையைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். கித்தான். அதன் உட்பக்கம், பித்தளை வளையத்துக்குக் கீழே, மங்கிய மசியில் பாதி அழிந்த ஒரு முத்திரை. அடுத்த ஆண்டு அதைப் பற்றித்தான் பேசினேன்.