படுத்துக் கிடக்கும் பிளவெல்லாம் த்ரஸ்ட் அல்ல

தொண்டியார்பேட்டையில் மாலை வேளைகளில் நிலவியல் சொல்லித் தருகிறேன். விடைத்தாள்களில் ஒரு தவறு ஓயாமல் வருகிறது. படத்தில் பிளவுத்தளம், அதாவது பாறை உடைந்து நழுவிய தளம், படுத்தவாக்கில் இருந்தால் போதும், ‘அழுத்தத்தால் உண்டான த்ரஸ்ட்’, அதாவது நெருக்கலில் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின்மேல் ஏறிய பிளவு, என்று எழுதிவிடுகிறார்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் நெவாடாவின் ஸ்நேக் மலைத்தொடரில் உள்ள தளத்தை நிலவியலாளர்களே வெகுகாலம் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். நிலம் இழுபட்டு விரிந்ததில் உண்டான டிடாச்மென்ட் பிளவு அது என்ற கருத்து 1970களின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது.

சாய்வை விடுங்கள். தளத்துக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். த்ரஸ்டில் பொதுவாக ஆழத்துப் பழைய பாறை இளம் பாறைமேல் ஏறி நிற்கும். டிடாச்மென்டில் கதையே வேறு. கலிஃபோர்னியாவின் விப்பிள் மலையில் மேலே இருப்பவை உடைந்து சாய்ந்த, மயோசீன் என்ற இளம் காலத்து எரிமலைப் பாறையும் படிவுப் பாறையும். அடியிலோ, சூடான ஆழத்தில் இழுபட்டு உருவான மைலோனைட் என்ற பாறை. நடுவே இருந்திருக்க வேண்டிய பல கிலோமீட்டர் பாறை அங்கே இல்லை. அந்த இல்லாமைதான் நிலம் விரிந்ததற்குச் சாட்சி.

அடுத்தது, டிடாச்மென்ட் தளங்களின் குவிமாட வடிவம். பக்கவாட்டில் நெருக்கியதால்தான் வளைந்தது என்று எழுதுகிறார்கள். காசிமேட்டில் விசைப்படகிலிருந்து மீன் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிகள் இறங்க இறங்கப் படகு மேலே வரும். தளத்துக்கு மேலிருக்கும் பாறையான மேல்தட்டு நழுவிப் போய்ச் சுமை குறைந்ததும் கீழ்த்தட்டும் அப்படித்தான் எழும்புகிறது. அது எழும்போது, அதிகச் சாய்வில் தொடங்கிய பிளவும் வளைந்து படுத்துவிடலாம். அதற்காக எல்லாமே 60 பாகையில் தொடங்கியவை என்றும் அடித்து எழுதாதீர்கள். சில தளங்கள் தொடக்கத்திலேயே தாழ்ந்த சாய்வில் நழுவின என்று 1981இல் நிலவியலாளர் வெர்னிக்கி முன்வைத்த வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள்.

அப்புறம், ஒரு மாணவி கேட்டாள்: “சார், பல்லாவரத்துச் சார்னோக்கைட் பாறையும் ஆழத்தில் உண்டானதுதானே, அதுவும் கோர் காம்ப்ளெக்ஸா?” விப்பிள் மலைபோல, டிடாச்மென்டின் அடியிலிருந்து ஆழத்துப் பாறை எழும்பி வெளியே தெரியும் இடத்துக்குத்தான் கோர் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நம் பக்கம் மணலும் வண்டலும்தான், பாறையைத் தொட்டுப் பார்க்கவே தெற்கே போக வேண்டும். ஆனால் ஆழத்துப் பாறை வெளியே தெரிய நெடுங்கால அரிப்பே போதும். மேல்தட்டை நழுவவிட்ட பிளவும், அதன் அடியில் அதே திசையில் இழுபட்ட மைலோனைட்டும் சேர்ந்து கிடைத்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம்.