பின்சக்கரம் மட்டும் அகலம்: டயர் அளவைத் தேர்ந்தெடுக்கும் முறை

படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) திருமணத்துக்கும் ஊர் திரும்பும் குடும்பங்களின் கார்களில், முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் அகலமாக அமைந்தவற்றைக் காரைக்குடி, தேவகோட்டைத் தெருக்களில் காணலாம். பின்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சினின் விசை முழுவதும் பின்டயர் வழியாகவே தரைக்குச் செல்வதால், அங்கே பிடிமானம் கூடுதலாக வேண்டுமென்று சில கார்களுக்குத் தயாரிப்பாளரே இப்படிப் பொருத்தித் தருகிறார். முன்சக்கர இயக்கக் காருக்கு இதனால் பயனில்லை; பின்னால் மட்டும் அகல டயர் போட்டால், வளைவில் கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கம் விலகும் இயல்புதான் கூடும். முன்சக்கர இயக்கக் கார்களான ஸ்விஃப்ட், ஐ20 வைத்திருக்கும் தம்பிமார்கள் இந்த ஆசையை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

அகலம் மாறலாம், ஆனால் முன்டயரின் மொத்த உயரமும் பின்டயரின் மொத்த உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். 225/45 ஆர் 18 என்ற டயரில் 225 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது, 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 225-இல் 45 சதவீதம் 101.25, அதை இரட்டித்து, 18 அங்குலத்துக்கான 457.2 மி.மீட்டரைச் சேர்த்தால் மொத்த உயரம் 659.7 மி.மீ. பின்னால் 255/40 ஆர் 18 போட்டால் இதே கணக்கில் 661.2 வருகிறது. வேறுபாடு 1.5 மி.மீ. மட்டுமே என்பதால் இது நல்ல இணை. கடையில் இருக்கிறதே என்று 255/45 எடுத்தால் உயரம் 686.7 ஆகி, வேறுபாடு 4 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு வேலை செய்யும் ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), டிராக்‌ஷன் கட்டுப்பாடு (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) ஆகியவை குழம்பக்கூடும்.

நான்கு சக்கர இயக்கக் காரில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனெனில் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால், இரண்டையும் இணைக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறிப் பழுதாகும். அளவு சரியாக இருந்தாலும் தேய்மானம் இதைக் கெடுக்கலாம்: 8 மி.மீ. பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகளின் ஆழம்) உள்ள புதிய டயருக்கும் 3 மி.மீட்டராகத் தேய்ந்த டயருக்கும் உயரத்தில் 10 மி.மீ. வேறுபாடு உண்டு. ஐயமிருந்தால் காற்றைச் சரிபார்த்துவிட்டு, வீட்டு முன்புறச் சிமென்ட் தளத்தில் டயரின் அடியிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, காரை நேராக ஒரு சுற்று உருட்டி, தரையில் விழும் இரு கோடுகளுக்கு இடையே டேப்பால் அளந்து பாருங்கள். இந்த அளவு டயர்களுக்கு நீளம் 2 மீட்டரை ஒட்டி வரும். முன்னுக்கும் பின்னுக்கும் 2 செ.மீ. வேறுபட்டாலே அது ஒரு சதவீதம்.

ரிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். 225/45 டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம் வரையிலும், 255/40 டயருக்கு 8.5 முதல் 10 அங்குலம் வரையிலும் உள்ள ரிம் ஏற்றது. ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகப்புக்கும் உள்ள தூரம்) மாற்றாமல் ஓர் அங்குலம் அகலமான ரிம் போட்டால், உள்ளேயும் வெளியேயும் 12.7 மி.மீ. வீதம் நீளும். ஆகவே ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய நிலையில் மட்கார்டிலும் சஸ்பென்ஷனிலும் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்கும் முடிவை எடுங்கள்.

19 அங்குலத்தில் 225/40, 255/35 என்ற இணையும் கணக்குக்குச் சரியாகவே வரும். ஆயினும் பக்கச்சுவர் ஏறக்குறைய 12 மி.மீ. குறைவதால், மழைக்குப்பின் ஓரம் அரித்துச் செம்மண் குழி விழுந்த ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கத்துக் கிளைச்சாலைகளில் அலாய் வீல் அடிவாங்கி வளையும் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊர்ப்பக்கம் ஓடும் காருக்கு நான் 18 அங்குலத்தையே தேர்வேன்.

டயர் தாங்கும் எடையையும் அதிகபட்ச வேகத்தையும் சொல்லும் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கார் வந்தபோது இருந்ததைவிடக் குறையக்கூடாது. சுமைக் குறியீடு 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 95 என்றால் 690 கிலோ. காற்றழுத்தம் முன்னுக்கும் பின்னுக்கும் வேறாக இருக்கலாம் என்பதால், ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள அட்டவணையைப் பார்த்து, வெயில் ஏறுமுன் காலையில் அடியுங்கள். முன்டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட முடியாதாகையால் பின் இணை முன்னதாகத் தேயும். ஒரே ஸ்டெப்னியும் இரு பக்கத்துக்கும் பொருந்தாது. இந்த அளவுகள் சிறு ஊர்க் கடைகளில் எப்போதும் இருப்பில் இராது. பட்டன் 3 மி.மீட்டரை நெருங்கும்போதே அடுத்த இணைக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.