சூடெக் இறந்தானா? புராண வில்லனுக்குக் காலவரிசை அட்டவணை தயாரிக்கும் முறை

எகிப்தியப் புராணத்தின் சேத் கடவுளைத் தழுவி உருவான வேற்றுலக வில்லன் சூடெக். காலப்பயணி 'டாக்டர்' பற்றிய பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ'வில் 1975இல் ஒளிபரப்பான 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையின் முடிவில் சூடெக் இறந்துவிட்டான் என்று என் அட்டவணையில் எழுதி வைத்திருந்தேன். 2024இல் அவன் திரும்பி வந்தான். அதைச் சார்ந்து நான் எழுதியிருந்த வரிகள் அனைத்தும் வீணாயின. அதற்குப் பின் நான் கைக்கொண்ட முறை இது.

படி 1: எக்செல் தாளில் புராணம், கதைக்குள் நிகழும் ஆண்டு, ஒளிபரப்பான ஆண்டு, ஆதாரம் என நான்கு நெடுவரிசைகள் இடுங்கள். கிளைகிளையாகப் படம் வரையும் செயலிகள் பார்வைக்கு அழகானவை, ஆண்டுவாரியாக அடுக்க உதவாதவை. ஆண்டைத் தேதியாக இடாமல் வெறும் எண்ணாக இடவும். 1900க்கு முந்தைய தேதிகளை எக்செல் தேதியாகக் கொள்ளாது, சூடெக் சிறைப்பட்டதோ பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. கி.மு. ஆண்டுகளுக்குக் கழித்தல் குறி போதும்.

படி 2: தொடரைப் பார்ப்பதற்கு முன்பே புராண நெடுவரிசையை நிரப்பிவிடுங்கள். சேத் தன் உடன்பிறந்த ஒசைரிஸைக் கொன்றவன், ஹோரஸோடு போரிட்டவன். ஆனால் சூரியக் கடவுள் ராவின் படகில் நின்று அபெப் என்னும் பாம்பை எதிர்ப்பவனும் அவனே. 'டாக்டர் ஹூ' இந்த இரண்டாவது முகத்தை விட்டுவிட்டது. அபெப்பின் கிரேக்கப் பெயரே 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் வில்லன் அபோஃபிஸ்; அங்கே ராவும் அவனும் ஒரே ஒட்டுண்ணி இனத்தவர். கதாசிரியர்கள் எங்கே புராணத்தை விட்டு விலகினார்கள் என்பது இப்படி எழுதினால்தான் தெரிகிறது.

படி 3: நான் சறுக்கிய இடம் ஆதார நெடுவரிசை. அதில் 'காட்டப்பட்டது', 'சொல்லப்பட்டது', 'ஊகம்' ஆகிய மூன்று சொற்களைத் தவிர வேறெதையும் அனுமதிக்காதீர்கள். டாக்டர் காலச் சுரங்கத்தின் மறுமுனையைத் தொலை எதிர்காலத்துக்கு நகர்த்த, அதற்குள் சிக்கிய சூடெக் மூப்படைந்து மறைகிறான், இது காட்டப்பட்டது. அவன் ஒழிந்தான் என்பதைத் தனி வரியில் ஊகம் என்று குறித்திருந்தால், அவன் டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸைப் பற்றிக்கொண்டு உயிர்பிழைத்தான் என்று 2024இல் வெளிப்பட்டபோது அந்த ஒரு வரியை மட்டும் திருத்தியிருப்பேன்.

'சொல்லப்பட்டது' என்பதிலும் எச்சரிக்கை தேவை. 1911இல் நிகழும் அதே கதையில் டாக்டரின் பயணத் தோழி சாரா ஜேன், தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள். அவள் காலத்தில், வேற்றுலகத் தாக்குதல்களை எதிர்க்கும் யூனிட் என்ற ராணுவ அமைப்பில் பணியாற்றிய அதிகாரி பிரிகேடியர் 1976இலேயே ஓய்வு பெற்றுவிட்டார் என்கிறது 1983இல் வந்த 'மாட்ரின் அன்டெட்'. இவற்றை ஒட்டவைக்க நான் வாரக்கணக்கில் முயன்றது வீண்வேலை. இரண்டையும் தனித்தனி வரிகளாக இட்டு, முரண் என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்லுங்கள்.

பின்சேர்க்கை: 2006இல் வந்த 'தி சாத்தான் பிட்' கதையின் அசுரனும் சூடெக்கும் ஒருவரா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1975, 2006, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்தப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர் கேப்ரியல் வுல்ஃப் என்பது உண்மைதான். ஆனால் அது நடிகரைப் பற்றிய செய்தி. அதற்கு ஐந்தாவதாகக் 'குறிப்பு' என்றொரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள், ஆதாரத்தில் எழுதாதீர்கள்.